புரிதல் அளவு

இசக்கியப்பன் நெற்றிப்பட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அவர் எழுதிய நிரல் திரையில் முழுவதும் சிவந்து கிடந்தது. ‘எழுதியவருக்குப் புரியவில்லை. இயந்திர மொழிக்கு மாற்ற இயலாது.’

“புரியாம எழுதுனா இப்படித்தான் அண்ணாச்சி,” என்றாள் தலைமைப் பொறியாளர் ஜெசிந்தா, எல்லோர் காதிலும் விழும்படி. அவர் தலைகுனிந்து எழுந்து போனார்.

நிரல்களை இயந்திரங்களே எழுத, மனிதர்கள் வெட்டி ஒட்டியே பழகிவிட்ட காலம் அது. அதை மாற்ற வந்ததுதான் புரிமானி. நெற்றிப்பட்டை வழியே மூளையைப் படித்து, எழுதியவருக்கு உண்மையிலேயே புரிந்த வரியை மட்டும் இயங்கவிடும். கடல்நீரைக் குடிநீராக்கும் அந்த ஆலையில் நிரல் எழுதும் உரைத்திருத்தியோடு அதை இணைத்தவள் ஜெசிந்தாதான். அமைப்புப் பக்கத்தில் எல்லோருக்கும் தேவையான புரிதல் அளவை நூற்றுக்குத் தொண்ணூறு என்று வைத்தவளும் அவளே.

புயலுக்குப் பின் கடலில் உப்பு ஏறியது. வடிகட்டி நிரலை உடனே மாற்றாவிட்டால் ஊருக்குத் தண்ணீர் கரிக்கும். ஜெசிந்தா பட்டையை அணிந்து எழுதினாள். முதல் வரி சிவந்தது. அடுத்ததும் சிவந்தது. பதினைந்து ஆண்டுகளாக அவள் கைப்பழக்கமாய் எழுதிவந்த வரிகள் அவை.

யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தாள். தன் பெயருக்கு நேரே இருந்த தொண்ணூறைப் பத்தாக்கினாள். நிரல் ஓடியது. ஊருக்கு நல்ல தண்ணீர் போனது.

மறுநாள் இசக்கியப்பன் அவள் மேசைக்கு வந்தார். “மேடம், ஒங்க நிரல மட்டும் ஏத்துக்கிட்டுல்லா. அந்த வடிகட்டி அழுத்தக் கணக்கு எப்படின்னு கொஞ்சம் சொல்லித் தாங்க. நைட்டெல்லாம் பாத்தேன், பிடிபடல.”

அவர் குரலில் குத்தல் இல்லை. அதுதான் அவளைச் சுட்டது. முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

“எனக்கும் தெரியாது அண்ணாச்சி. என் அளவ மட்டும் கொறச்சு வச்சுக்கிட்டேன்.”

 அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு அருகில் உட்கார்ந்தார். “அப்போ நம்ம ஆலையில யாருக்குத்தான் தெரியும்?”

ஜெசிந்தா தன் அளவை மீண்டும் தொண்ணூறாக்கினாள். எல்லோரையும் அழைத்து, ஆலையின் நிரல் முழுவதையும் ஒவ்வொருவராக எழுதிப் பார்க்கச் சொன்னாள். மாலைவரை திரை சிவந்துகொண்டே இருந்தது.

கடைசியில் ஒரே ஒரு வரி பச்சையானது. அது எல்லோருக்குமே பச்சையானது.

‘எல்லா மோட்டாரையும் நிறுத்து.’

அதன் கீழே உரைத்திருத்தி பணிவாகக் கேட்டது: ‘இயக்கட்டுமா?’