என்னிட்ட இருக்கு

முந்நூறு இறாத்தலுக்கு மேல் நிறையுள்ள ஆட்களை மட்டும் காட்டு என்று கேட்டதற்கு, கொம்பியூட்டர் இர்ஷாத்தையும் சேர்த்துக் காட்டியது.

விஜிதரன் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தான். வெற்று மார்பும் எண்ணெய் மினுக்கமும் உறுமுகிற வாயுமாக வரிசை வரிசையாய், பெடியள் சேர்க்கிற ரெஸ்லிங் காட்டுகள், மல்லர் படச் சீட்டுகள். கடைசிக் கட்டத்தில், கழுத்துப் பொத்தான் வரை பூட்டிய வெள்ளைச் சட்டையோடு, அவனுடைய ஸ்டூடியோவின் நீலத் துணிக்கு முன்னால், இடது புருவத்தில் தழும்புள்ள ஒரு மெல்லிய பெடியன். பக்கத்து வீட்டு இர்ஷாத். கீழே நிறை ஐம்பத்தெட்டு கிலோ என்றிருந்தது. முகமூடி போட்ட மல்லர்களை மட்டும் கேட்டுப் பார்த்தான். அதிலும் கடைசியில் அவன்தான். நிறை ஐம்பத்தாறு.

வெளியே பொழுதுபட்டுக்கொண்டிருந்தது. 2007இல் வவுனியாவில் விளக்கு வைத்த பிறகு கடையைத் திறந்து வைத்திருப்பதே பெரிய வீரம். தூரத்தில் யாரோ அவசரமாகச் சைக்கிள் மிதிக்கிற சத்தம், ஒரு ஷட்டர் கரகரத்து இறங்குகிற சத்தம், அதற்குப் பிறகு தெருவில் ஒன்றுமில்லை. பின்பக்கக் கிணற்றடியில் மட்டும் கப்பி கிரீச்சிட்டு வாளி தண்ணீரில் விழுந்தது. தம்பி நேசன் குளிக்கிறான். அம்மா அழகம்மா போன பிறகு விஜிதரனுக்கென்று மிஞ்சியது அந்தத் தம்பி ஒருவன்தான். வாளிச் சத்தம் கேட்கும்வரைக்கும் அவனுக்கு மூச்சு ஒழுங்காக வரும்.

அந்தத் தேடும் புரோகிராமை அவன் ஒரு விளையாட்டுக்குத்தான் எழுதினான். கடையில் காட் பக்கற்றுகளும் விற்றான். பள்ளிக்கூடம் விட்டால் பெடியள் வந்து, அண்ணை அந்த ஆள் வந்திட்டாரோ, இந்த ஆள் வந்திட்டாரோ என்று உயிரை எடுப்பார்கள். தொல்லை தாங்காமல் எல்லாக் காட்டுகளையும் ஸ்கேன் பண்ணி, உயரம், நிறை, நாடு, அடையாளம் என்று பெட்டிகள் போட்டு, வடிகட்டித் தேடுகிற மாதிரிச் செய்தான். ஒவ்வொரு காட்டுக்கும் கீழே ஒரு சின்னச் சதுரம்: என்னிட்ட இருக்கு. அதில் சரி போட்டால் கைவசம் உள்ள காட் தேடலில் மறைந்துவிடும், இல்லாதது மட்டும் தெரியும். பெடியளுக்கு அது வாய் பிளக்கிற புதினம்.

படம் எடுக்க வந்த ஒருவர் அதைக் கண்டார். யார், எந்தப் பக்கம் என்று அந்த நாட்களில் ஒருவரும் கேட்பதில்லை. இடுப்பில் சட்டை புடைத்திருந்தால் கேள்வி தொண்டையிலேயே நின்றுவிடும்.

"கெட்டிக்காரன்தான் நீர்" என்றார் அவர். "பாஸுக்கு எடுத்த ஆக்களின்ர படமும் இதுக்கதானே கிடக்கு. அதையும் இப்பிடித் தேடேலாதோ?"

யாழ்ப்பாணத்துக்குப் போகிற பரந்தன் பாதை பூட்டியதிலிருந்து, இந்தப் பக்கம் மாட்டுப்பட்ட சனமும் ஊர்ச் சனமும் பாஸுக்கு, அந்த அனுமதிச் சீட்டுக்கு, படம் எடுக்க அவனிடம்தான் வந்தது. விண்ணப்பமும் அவனே நிரப்பிக் கொடுத்தான். உயரம், தழும்பு, மச்சம் எல்லாம் அவன் கையில் இருந்தன. ஏலாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தப் புகழ்ச்சியில் புளுகம் தலைக்கேறிவிட்டது, மடையனுக்கு.

"நாளைக்கு வாங்கோ, செய்து காட்டுறன்" என்றான்.

மறுநாள் அவர் வந்து பின்னால் நின்று சொல்லச் சொல்ல அவன் தட்டினான். இருபதுக்குக் கீழே. நெட்டை. இடது புருவத்தில் வெட்டு. முகங்கள் கொட்டுண்டு போய்க் கடைசியில் இரண்டு நின்றன. ஒன்று இர்ஷாத். மற்றது நேசன். இரண்டு பேரும் ஒரே பந்தைப் பிடிக்க ஓடி, மண்டையோடு மண்டை மோதி, ஆஸ்பத்திரியில் ஒரே வாங்குப் பலகையில் இருந்து தையல் போட்டுக்கொண்டவர்கள்.

அந்த இரண்டும் வந்து நின்ற நேரம் அந்த மனிதர் வெற்றிலை துப்ப வாசலுக்குப் போயிருந்தார். அந்த இடைவெளியில் விஜிதரனின் விரல் நகர்ந்தது. நேசனுக்குக் கீழே, என்னிட்ட இருக்கு. சரி. அவர் திரும்பி வந்தபோது ஒரு முகம்தான் மிச்சம்.

தம்பியைக் காப்பாற்ற வேண்டியிருந்தது, அது உண்மை. ஆனால் இரண்டையும் மறைத்திருக்கலாமே. ஒருத்தரும் இல்லை என்று கையை விரித்திருக்கலாமே. தன்னுடைய புரோகிராம் ஒன்றுக்கும் உதவாது என்று அந்த ஆள் நினைத்துவிடக் கூடாதென்ற எண்ணம் அந்த நேரத்திலும் அவனுக்குள் இருந்தது. 

அடுத்த நாள் பொழுதுபடப் பள்ளிவாசலில் மஃரிப் தொழுதுவிட்டு வந்த இர்ஷாத்தை ஒரு வான் ஏற்றிக்கொண்டு போனது.

இப்போது அவன் திரும்பி வந்திருந்தான், இந்தக் கட்டத்துக்குள். விஜிதரன் படத்தை அழித்தான். மறுநாள் பொழுதுபட, எதைத் தேடினாலும் கடைசியில் இர்ஷாத் நின்றான். நிறை ஐம்பது. அதற்கடுத்த நாள் நாற்பத்து நாலு, கழுத்துப் பொத்தானைக் காணவில்லை. பிறகு தலைமயிர் நனைந்து நெற்றியில் ஒட்டியிருந்தது. நீலத் துணியில் விரல் அடையாளங்கள் போலச் சேறு. விஜிதரன் எழுந்து போய்ச் சுவரில் தொங்கிய உண்மையான துணியைத் தடவிப் பார்த்தான். காய்ந்துதான் இருந்தது. ஆனால் கையை மூக்கருகில் கொண்டுவந்தபோது குளத்துச் சேற்றின் வாடை அடித்தது.

வெள்ளிக்கிழமை மஸீனா வந்தாள். இர்ஷாத்தின் தாய். முக்காட்டு நுனியை வாயில் கவ்விக்கொண்டு கதிரையின் விளிம்பில் இருந்தாள்.

"தம்பி, மகன்ட படம் இன்னொண்டு பெரிசாக்கித் தாங்க. முந்தித் தந்தது கசங்கிப் போச்சு. எல்லா இடத்திலயும் காட்டிக் காட்டி."

அழித்தும் திரும்பி வந்து நின்ற படத்தை அவன் மறுக்க முடியாமல் அச்சடித்தான். பிரிண்டர் ஒவ்வொரு கோடாக இர்ஷாத்தை வெளியே தள்ளியது. அவள் அதை வெளிச்சத்துக்குப் பிடித்து வெகுநேரம் பார்த்தாள்.

"மகன் மெலிஞ்சிட்டானே, தம்பி."

"அது… மை குறைஞ்சிட்டுது, ராத்தா. அதுதான் அப்பிடித் தெரியுது."

"கன்னம் வத்திக் கிடக்கு. தலைமயிரும் நனைஞ்ச மாதிரி. முந்தின படத்தில இப்பிடி இல்லை. உம்மாவுக்குத் தெரியாதா?" கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "உங்கட நேசன்தான் என்னோட எல்லா இடமும் அலையிறான். தங்கமான பிள்ளை. அவனை வெளியில விடாதீங்க."

விஜிதரன் பிரிண்டரின் தாள் தட்டைச் சரிசெய்தான்.

"தம்பி, ஒண்டு கேக்கட்டா? உங்களிட்ட ஆராச்சும் வந்து என்ட பிள்ளையைப் பத்தி விசாரிச்சவங்களா?"

வாய் திறந்தது. வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் நேசனுக்குத் தெரியவரும். நேசன் பிறகு அவன் முகத்தில் முழிக்க மாட்டான்.

"இல்லை, ராத்தா. ஒருத்தரும் வரேல்லை."

அவள் படத்தை முக்காட்டுக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டாள். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். அவனுடைய எட்டு நாள் அந்தப் படி இறங்கும் சத்தத்தோடு முடிந்துவிட்டது.

பின்னால் கப்பி கிரீச்சிட்டது. நேசன் குளிக்கத் தொடங்கிவிட்டான். இந்தச் சனியனை வேரோடு அழித்துவிட வேண்டும் என்று விஜிதரன் புரோகிராமைத் திறந்தான்.

அவன் ஒன்றையும் தொடவில்லை. பெட்டிகள் தாமாக நிரம்பின.

இருபதுக்குக் கீழே.

நெட்டை.

இடது புருவத்தில் வெட்டு.

முகங்கள் போயின. இரண்டு நின்றன. இர்ஷாத்தின் நிறை இருந்த இடத்தில் இலக்கமே இல்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவன் கட்டத்திலிருந்து விலகினான். வெறும் நீலத் துணி. மற்றதில் நேசன். சட்டையில்லாத வெறும் மேல். காதடியில் சவர்க்கார நுரை. நாடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. இப்படியொரு படத்தை விஜிதரன் எடுக்கவே இல்லை. அன்று அவன் போட்ட சரியும் அதில் இல்லை.

நேசனுக்குக் கீழே சதுரத்தில் தானாகச் சரி விழுந்தது, ஆனால் முகம் மறையவில்லை.

என்னிட்ட இருக்கு.

விஜிதரன் அந்தச் சரியை எடுத்தான். திரும்ப விழுந்தது. எடுத்தான். விழுந்தது.

நிறை அறுபத்தொன்று. அறுபது. ஐம்பத்தொன்பது.

வாளிச் சத்தம் நின்றுவிட்டது. எப்போது நின்றதென்று தெரியவில்லை.

"நேசன்!" குரல் கிழிந்தது. "டேய், நேசன்!"

"ஓம் அண்ணை. இஞ்சதான் நிக்கிறன்."

குரல் கிணற்றடியிலிருந்து வரவில்லை. முதுகுக்குப் பின்னால், நீலத் துணிக்குள்ளிருந்து வந்தது.

விஜிதரன் திரும்பினான். துணி நனைந்து கறுத்திருந்தது. அதன் கீழ்விளிம்பிலிருந்து தண்ணீர் நிலத்தில் ஓடி அவன் கதிரைக் காலைத் தொட்டது. விளிம்புக்குக் கீழே இரண்டு பாதங்கள், சவர்க்கார நுரையோடு. அவற்றுக்கு நெருக்கமாய், ஒட்டினாற்போல், இன்னும் இரண்டு. சேறு பிடித்தவை. எலும்பு மட்டும் தெரிந்தவை.

துணியின் ஓரத்தை உள்ளேயிருந்து ஒரு கை பற்றியது.