டயர் அழாத சுற்று

அலறல் கேட்டபோது பல் டாக்டர் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

மைதானம் முழுவதும் அவருக்காகக் கை தட்டியது. நேரப் பலகையில் சிவப்பு எண்கள்... 52.4 விநாடி. அன்றைக்கு ஓடிய முப்பது கார்களிலும் அதுதான் குறைந்த நேரம். பாதையைக் குறிக்கும் ஆரஞ்சு கோன்களில் ஒன்றுகூடச் சாயவில்லை.

மறுபடியும் அதே அலறல்!

டைம்கீப்பரின் அறை வாசலில் பதிவு மேஜைப் பெண் நின்றிருந்தாள். அறை என்றால் ஒரு இரும்புக் கன்டெய்னர். உள்ளே ஒரு மேஜை, கணினி, மைக், நாற்காலி. நாற்காலியில் இருக்க வேண்டியவர் தரையில் கிடந்தார். தலைக்குப் பக்கத்தில் வீல் ஸ்பேனர். அதன் முனையில் ரத்தம்.

"டாக்டர் சார், நீங்க பாருங்க சார்."

"நான்... பல் டாக்டர்ங்க."

"தள்ளு" என்று ஒரு பெண் குரல். பழைய பேன்ட், தொளதொள சட்டை, கழுத்தில் துண்டு. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தவள் மண்டியிட்டு, இரு கைகளாலும் டைம்கீப்பரின் மார்பை அழுத்தத் தொடங்கினாள். ஐந்து நிமிடம் நிறுத்தவே இல்லை. பிறகு கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தாள். உயிர் இல்லை என்று தலையை ஆட்டினாள்.

"யாருங்க இந்தம்மா?" என்று கேட்டார் கிளப்பின் சாம்பியன். ஆறடி உயரம். ஆறு வருஷமாகக் கோப்பையை யாருக்கும் விட்டுத்தராதவர்.

பல் டாக்டர் ஹெல்மெட்டைப் பார்த்தபடி சொன்னார்.

"என் வண்டியைத் தொடைக்க வந்தவங்க."

பொய்.

அவள் அவருடைய சொந்த அக்கா.

கதையை ஆறு வாரம் ரிவர்ஸ் எடுக்கலாம்.

பல் டாக்டர் ஐந்நூறு குதிரைச் சக்தி கொண்ட சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினார். அதில் நானூற்றைம்பது குதிரை அவர் பேச்சைக் கேட்கவில்லை. பழைய விமான ஓடுதளத்தில் கோன்களை வளைத்து வளைத்து நட்டு, ஒரு நேரத்தில் ஒரு கார் என்று கடிகாரத்தோடு பந்தயம் நடத்தும் கிளப்பில் சேர்ந்தார். அங்கே அவருக்குக் கிடைத்த கோச், அவரைவிடப் பதினைந்து வயது சின்னப் பெண்.

"சார், ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதீங்க. அமுத்துங்க."

"ரெண்டும் ஒண்ணுதானேம்மா?"

"ஒண்ணுன்னா நாம ஏன் இப்ப வந்த பக்கமே பார்த்து நிக்கிறோம்?"

பல் டாக்டர் வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"பல்லு எடுக்கும்போது வெடுக்குன்னு இழுப்பீங்களா சார்?"

"சேச்சே. மெதுவா அசைச்சு அசைச்சு... அது தானா வரணும்."

"இங்கயும் அதேதான். திருப்பத்துக்கு முன்னாடியே பிரேக்கை முடிச்சுடுங்க. பார்வை அடுத்த கோன்ல இருக்கட்டும். ஸ்டீயரிங் நேராக நேராக, காலை அமுத்துங்க. டயர் அழுதா நீங்க அதை அடிக்கிறீங்கன்னு அர்த்தம்."

மண்டைக்குப் புரிந்தது. காலுக்குப் புரியவில்லை. திருப்பத்தில் பயம் வந்ததும் கால் தானாக எகிறும்... பின்சக்கரம் வழுக்கும்... கார் பம்பரமாகச் சுற்றும். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் டைம்கீப்பர் மைக்கில் அறிவிப்பார். "அடுத்து நம்ம பல் டாக்டர். கோன்களே, உயிர் பிழைச்சு ஓடுங்க." கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். அந்தச் சிரிப்பு பல் டாக்டரோடு வீடு வரைக்கும் வரும். திங்கட்கிழமை நோயாளி வாயைத் திறந்தால்கூடத் தன்னைப் பார்த்துச் சிரிக்கிறாரோ என்று தோன்றும்.

அக்கா பதினாறு வருஷமாக ஆம்புலன்ஸ் ஓட்டுகிறாள். தம்பி பல் மருத்துவம் படித்த ஐந்து வருஷமும் ராத்திரி ஷிஃப்ட் கேட்டு வாங்கி ஓட்டியவள். கொலை நடந்த அன்று காலையில் தம்பிக்கு ஒத்தாசையாக வந்திருந்தாள். டயர் மாற்றினாள், காற்று பார்த்தாள். லாரியிலிருந்து காரை இறக்கி ஓரமாக நிறுத்தினாள்.

"யாரு டாக்டர் இது?" என்று யாரோ கேட்டார்கள்.

கோட்டும் கூலிங்கிளாஸுமாக நின்றிருந்த கூட்டத்தின் நடுவே 'ஆம்புலன்ஸ் டிரைவர், என் அக்கா' என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

"வண்டியைத் தொடைக்க வந்தவங்க."

அக்கா காதில் விழுந்தது. குனிந்து கண்ணாடியைத் துடைத்தாள்.

முதல் சுற்றில் பல் டாக்டர் ஐந்து கோன்களைச் சாய்த்துவிட்டு, கார் பம்பரமாகச் சுற்றி, கூட்டத்தைப் பார்த்தபடி வந்து நின்றார். அரை மணி கழித்து, டயர்களும் கருவிகளும் வைத்திருந்த மூடிய வேனுக்குள் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரே ஒரு சுற்று அக்கா. என் டிரெஸ்ஸைப் போட்டுக்க, ஹெல்மெட்டை மாட்டிக்க. கறுப்புக் கண்ணாடி, மூஞ்சி தெரியாது. நாம ஒரே உயரம்."

"எனக்கு இந்தப் பந்தயமெல்லாம் தெரியாதேடா."

"காலையில ஓட்டினியே, தண்ணி மாதிரி போச்சே."

"பின்னாடி ஒரு உயிர் படுத்திருக்குன்னு நெனச்சு ஓட்டுவேன். வேற வித்தை ஒண்ணும் கிடையாது."

"அதையே பண்ணு."

அக்கா கையை நீட்டி ஹெல்மெட்டை வாங்கிக்கொண்டாள்.

ஐம்பத்திரண்டு விநாடி... டயர் ஒரு முனகல்கூட முனகவில்லை. அக்கா வேனுக்குப் பின்னால் வந்து நிறுத்தினாள். உடையை மாற்றிக்கொண்டார்கள். அவர் வெளியே வந்து ஹெல்மெட்டைக் கழற்றினார். அப்போது கேட்டதுதான் அந்த அலறல்.

இன்ஸ்பெக்டர் வந்தார். குட்டையானவர். எல்லோரிடமும் பேசிவிட்டுக் கடைசியில்தான் பல் டாக்டரிடம் வந்தார்.

"11.20க்கு உங்க பேரை மைக்ல அறிவிச்சிருக்கார். சுற்று முடிஞ்சதும் நேரத்தை அறிவிக்கணும். அறிவிக்கலை. மைக் கோளாறுன்னு எல்லாரும் நெனச்சிருக்காங்க. ஆக, நீங்க ஓட்டிக்கிட்டு இருந்த அந்த ஒரு நிமிஷத்துலதான் கொலை."

"அப்படியா சார்?"

"முந்நூறு பேர் பார்க்க ஓட்டியிருக்கீங்க. உங்களுக்கு இருக்கற மாதிரி அலிபி யாருக்கும் கிடையாது." சிரித்தார். "நீங்கதானே ஓட்டினீங்க?"

"ஆ... ஆமாம்."

"இந்த ஸ்பேனர்?"

"என்னோடதுதான். வேனுக்கு வெளியே கருவிப்பெட்டியில இருந்துச்சு."

"காலையில இதைத் தொட்டது யாரு?"

பல் டாக்டர் தன் ஷூவைப் பார்த்தார்.

"வண்டியைத் தொடைக்க வந்தவங்க."

இன்ஸ்பெக்டர் அக்காவிடம் திரும்பினார். "11.20க்கு எங்கம்மா இருந்தீங்க?"

"வேன்ல."

"கூட யாரு?"

"தனியாத்தான் இருந்தேன்."

இன்ஸ்பெக்டர் அவளை ஜீப்புக்கு அழைத்துப் போனார். ஏதோ கேட்டார். அவள் ஒரு தாளில் ஏதோ எழுதினாள். அக்கா ஜீப்பின் பின்பக்கம் உட்கார்ந்தாள். தம்பியின் பக்கம் திரும்பவே இல்லை.

பல் டாக்டருக்குப் புரிந்துவிட்டது. தம்பியின் மானம் போகக் கூடாது என்று அக்கா வாயை மூடிக்கொண்டிருக்கிறாள்!

சாம்பியன் வந்து தோளில் தட்டினார்.

"வேலைக்கு வர்றவங்களை நம்பவே கூடாது டாக்டர். அது கிடக்கட்டும், சுற்று பிரமாதம்."

பல் டாக்டர் ஒரு அடி விலகி நின்றார். காரணம், கொலை செய்தவர் யார் என்று அவருக்குத் தெரியும்.

அந்த ஒரு நிமிஷம் பனியனும் அரைக்கால் சட்டையுமாக வேனுக்குள் குந்தியிருந்தபோது, சின்ன ஜன்னல் வழியாகப் பார்த்தார். எல்லோரும் வேலி ஓரம். சாம்பியன் மட்டும் கருவிப்பெட்டியிலிருந்து ஸ்பேனரை எடுத்துக்கொண்டு கன்டெய்னருக்குள் போனார். வெறுங்கையோடு வெளியே வந்தார். கையுறைகளைக் கழற்றிப் பழைய டயர் அடுக்குக்குள் திணித்தார். எதற்கு என்று அப்போது தெரியவில்லை; ஜன்னலில் தன்னைப் பார்த்துவிட்டாரோ என்றுதான் முகம் வெளிறியது. அலறல் கேட்டதும் தெரிந்தது.

வாயைத் திறந்தால் போதும். அக்கா வெளியே, சாம்பியன் உள்ளே.

ஆனால் எங்கிருந்து பார்த்தீர்கள் என்று கேட்பார்களே...

வேனிலிருந்து. பனியனோடு. என் சுற்றை வேறொருத்தர் ஓட்டிக்கொண்டிருந்தபோது.

ஜீப்பில் அக்கா. அந்த நேரத்தில் அவர் மனதில் ஓடியது என்ன தெரியுமா? நாளைக் காலை கிளப்பின் வாட்ஸ்அப் குழுவில் என்ன எழுதுவார்கள் என்பது! அதை நினைத்த தன் மனதை நினைத்து அவருக்கே அருவருப்பாக இருந்தது. அப்படியும் கால் நகரவில்லை.

ஜீப் கிளம்பியது. கான்ஸ்டபிள் கிளட்ச்சை வெடுக்கென்று விட்டார். ஜீப் ஒரு குலுக்கு குலுக்கி நின்றது. அக்காவின் தலை கம்பியில் இடித்தது.

"மெதுவாப்பா. கிளட்ச்சைக் கொஞ்சம் கொஞ்சமா விடு" என்றாள் அக்கா. கோபமே இல்லாத குரல்.

பல் டாக்டர் ஓடினார். ஜீப்புக்கு முன்னால் போய் நின்றார்.

"நிறுத்துங்க. அந்தச் சுற்றை நான் ஓட்டலை."

கூட்டம் திரும்பியது. கோச் திரும்பினாள். சாம்பியனும் திரும்பினார்.

"பின்ன யாரு ஓட்டினது?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"என் அக்கா."

"எந்த அக்கா?"

"இதோ... ஜீப்புல இருக்காங்களே. என் கூடப் பிறந்தவங்க. ஆம்புலன்ஸ் ஓட்டறாங்க. வண்டி தொடைக்க வந்தவங்கன்னு சொன்னது பொய்."

"நீங்க எங்க இருந்தீங்க?"

"வேன்ல ஒளிஞ்சிருந்தேன்." தலையைக் குனிந்துகொண்டார். "பனியனோட."

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பல் டாக்டர் நிறுத்தவில்லை. ஜன்னல், ஸ்பேனர், கையுறை... எல்லாவற்றையும் கொட்டினார்.

"டாக்டருக்கு மூளை கலங்கிடுச்சு சார்" என்றார் சாம்பியன்.

கான்ஸ்டபிள் டயர் அடுக்குக்குள் கையை விட்டார். ரத்தம் தோய்ந்த இரண்டு கையுறைகள் வெளியே வந்தன.

சாம்பியன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஒரே ஒரு கோன் சார். கடைசித் திருப்பத்துல லேசா உரசிச்சு. ஒரு கோனுக்கு ரெண்டு விநாடி அபராதம். அந்த ரெண்டு விநாடியில என் கோப்பை போயிடும். எடுத்துடுங்கன்னு கெஞ்சினேன். ஸ்பேனரைக் காட்டி மிரட்டினேன். அவர் திரும்பி மைக்கை எடுத்தார். ஊரறியச் சொல்லப்போறார்னு..."

முடிக்கவில்லை. அழைத்துப் போனார்கள்.

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டார்.

"டாக்டர், அந்தச் சுற்றை நீங்க ஓட்டலைன்னு வந்த பத்தாவது நிமிஷமே எனக்குத் தெரியும்."

"எ... எப்படி?"

கோச் தயங்கியபடி சொன்னாள். "மன்னிச்சுக்குங்க சார், நான்தான் சொன்னேன். முதல் திருப்பத்துலயே தெரிஞ்சிடுச்சு. டயர் அழலை."

"தெரிஞ்சும் அக்காவை ஏன் ஜீப்புல ஏத்தினீங்க?" என்று இன்ஸ்பெக்டரிடம் கேட்டார் பல் டாக்டர்.

"நான் பிடிக்க வந்தது உங்களை. மைக்ல உங்களைக் கிண்டல் பண்ணினவர் செத்துக் கிடக்கார். ஸ்பேனர் உங்களோடது. காருக்குள்ள நீங்க இல்லை. ஆனா இல்லாத அலிபியைப் பிடிச்சுத் தொங்கறீங்க. விலங்கை எடுக்கப் போனேன். அதுக்குள்ள இந்தம்மா இதை எழுதிக் கொடுத்துட்டாங்க."

ஒரு தாளை நீட்டினார். அக்காவின் கோணல் கையெழுத்து.

'ஸ்பேனரால் அடித்தது நான்தான். டாக்டருக்கு எதுவும் தெரியாது. அவர் காரில் இருந்தார்.'

"வண்டி தொடைக்கற அம்மா உங்களுக்காக ஏன் கொலையை ஒத்துக்கணும்னு மண்டையை உடைச்சுக்கிட்டு இருந்தேன். இப்ப புரிஞ்சுது" என்றார் இன்ஸ்பெக்டர்.

பல் டாக்டர் தாளை இரண்டாவது முறையும் படித்தார்.

"அக்கா... ஏன்?"

அக்கா ஜீப்பிலிருந்து இறங்கினாள். நெற்றியில் கம்பி இடித்த இடம் வீங்கியிருந்தது.

"காலையில வர்ற வழியில 'இந்த மைக்குக்காரனை ஒரு நாள் அடிச்சே கொல்லப்போறேன்'னு நாலு தடவை சொன்னே. நான் சுற்று முடிச்சு வந்து வேன் கதவைத் திறக்கறேன், உன் மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்கு. வெளியே போனா அவர் கிடக்கறார், பக்கத்துல நம்ம ஸ்பேனர். நான் ஓட்டினேன்னு சொன்னா நீ எங்க இருந்தேன்னு கேப்பாங்க. என்னடா பண்ணச் சொல்றே?"

"நான் கொன்னுட்டேன்னு நெனச்சுமா... எனக்காக உள்ள போகத் துணிஞ்சே?"

அக்கா நெற்றி வீக்கத்தைத் துண்டால் ஒற்றிக்கொண்டாள்.

பல் டாக்டரால் தலையை நிமிர்த்த முடியவில்லை. அவருக்காக அவள் ஒரு கொலையைச் சுமக்கத் தயாராக இருந்தாள். அவளுக்காக ஒரு சிரிப்பைச் சுமக்க அவருக்கு ஒரு மணி நேரம் ஆகியிருக்கிறது. கூட்டம் இப்போது சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை என்று இருந்தது. மைதானத்தின் சிமென்ட் பிளந்து உள்ளே இழுத்துக்கொள்ளாதா என்று நின்றார்.

அக்கா அவர் முகவாயைப் பிடித்து நிமிர்த்தினாள். மேலும் கீழும் பார்த்தாள். பெருமூச்சு விட்டாள்.

"கொலைகாரன்னு நெனச்சேன்டா. வெறும் பயந்தாங்கொள்ளிதான்னு தெரிஞ்சதும் எவ்வளவு நிம்மதியா இருக்கு தெரியுமா?"