பின்னறைக்குத் தள்ளுபடி

ஒரு மனிதர் இன்னும் உயிரோடு இருக்கப்போகும் காலத்துக்கு மூன்று லட்சம் என்று விலை படிந்தது. கேட்டது ஐந்து, சொன்னது ஒன்று. இடையில் இரண்டு டீ.

அந்த மனிதர் பின்னறையில்தான் இருந்தார். கதவு சாத்தியிருந்தது. பெயருக்குத்தான் கதவு, மெல்லிய பலகை.

குறுகிய தெருவின் கடைசியில் பழைய வீடு. உள்ளே நுழைந்ததும், வெயிலைச் செருப்போடு வாசலில் கழற்றி வைத்துவிட்டு வந்ததுபோலக் குளிர்ந்தது. முன்கூடம், அதை ஒட்டிச் சமையலறை, பிறகு ஒரு நீண்ட நடை, நடையின் முடிவில் அந்த அறை. வாங்க வந்தவர் கயிறும் தார்ப்பாயும் விற்கும் கடைக்காரர். கூட வந்த மனைவி பள்ளிக்கூட டீச்சர். கூட்டி வந்த புரோக்கருக்கு ஊர் வைத்த பெயர் ரெண்டு பர்சென்ட். அவர் வீட்டிலேயே அப்படித்தான் கூப்பிடுவதாகக் கேள்வி.

வீட்டை விற்பவன் அந்தப் பின்னறைப் பெரியவரின் அண்ணன் மகன். விஷயத்தை மறைக்காமல் சொன்னான்.

"சித்தப்பா காலம் முடியற வரைக்கும் அந்த ரூம்லயே இருப்பார். எங்கப்பாவுக்கு வாக்குக் குடுத்துட்டேன். அதுக்காக ஒரு லட்சம் குறைச்சுக்கறேன்."

"ஒண்ணா?"

"அவருக்கு நெஞ்சு சுத்தமாப் போச்சு சார். மிஞ்சிப்போனா ஒரு வருஷம்."

"என்ன சார், வாய் கூசாம சொல்றீங்க!" என்றார் கடைக்காரர். "வீட்டைச் சுத்திப் பாக்கும்போது பாத்தேனே, கட்டில்ல நிமிர்ந்து உக்காந்திருக்கார். நல்ல எலும்பு. இருபது வருஷம் தாங்கும். அஞ்சு குறைங்க."

"இருபதா! ராத்திரி பூரா இருமல். பக்கத்து வீட்டுக்காரங்களே தூங்கறதில்ல."

"இருமறவங்கதான் சார் நின்னு ஆடுவாங்க. எங்க மாமா நாப்பது வருஷமா இருமறார். வைத்தியம் பாத்த மூணு டாக்டரும் போய்ச் சேந்தாச்சு."

வாங்க வந்தவர் பெரியவருக்கு ஆயுளை வாரி வழங்கினார். சொந்த அண்ணன் மகன் அதைக் கத்தரித்துக்கொண்டே வந்தான். கதவுக்குப் பின்னாலிருந்து அவ்வப்போது ஓர் இருமல் கேட்டது. அது யார் கட்சி பேசுகிறது என்று மட்டும் பிடிபடவில்லை.

"என்னங்க, அவர் காதுல விழும்" என்று டீச்சர் முணுமுணுத்தாள்.

"விழட்டுமே. நாம நல்லதாத்தானே சொல்றோம்."

மூன்றில் முடிந்தது. கடைக்காரருக்கு அன்று சாப்பாடு ருசித்தது.

அதற்குப் பிறகு எதுவும் ருசிக்கவில்லை. பத்திரச் செலவு, பதிவுச் செலவு, வக்கீல் தாய்ப்பத்திரத்தைப் புரட்டிப் பார்த்ததற்கு ஒன்று, புரட்டியது சரிதான் என்று கையெழுத்துப் போட்டதற்கு இன்னொன்று. கடன் கேட்டு மனு கொடுத்ததற்கு வங்கியே ஒரு கட்டணம் பிடித்தது. கடன் கட்டி முடிப்பதற்குள் செத்துப்போனால் என்ன செய்வது என்று ஒரு காப்பீடு. வீட்டில் வில்லங்கம் ஏதுமில்லை என்று சான்று வாங்கவும் காசு. ரெண்டு பர்சென்ட் தன் பங்குக்கு இரண்டரை கேட்டார். ஒவ்வொன்றும் சின்னத் தொகைதான், கொசு சின்னதாக இருப்பது மாதிரி. டீச்சரின் கையிலிருந்த வளையல்கள் கடைக்குப் போயின. அவளுக்குக் கொஞ்ச நாள் கையைத் தூக்கும்போதெல்லாம் கை காணாமல் போனது போலிருந்தது.

முன்பணம் கொடுத்தாயிற்று. மாதக் கடைசிக்குள் மீதியைக் கட்டாவிட்டால் அது திரும்பாது. குடியிருந்த வாடகை வீட்டையும் அதன் சொந்தக்காரர் வேறு ஆளுக்குப் பேசிவிட்டார். அப்போதுதான் வங்கியில் அந்த வார்த்தையைச் சொன்னார்கள்.

வீடு காலியாக இருக்க வேண்டும். உள்ளே ஆள் குடியிருந்தால் கடன் கிடையாது.

ரெண்டு பர்சென்ட்டுக்கு இதெல்லாம் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுகிற வேலை. "வீட்டுக்கு மதிப்புப் போட பேங்க் வேல்யூவர் வர்றது அரை மணி நேரம் சார். பெரியவரை உள்ள வச்சு வெளிய பூட்டிடுவோம். சாமான் போட்டு வச்ச ரூம், சாவி தொலைஞ்சு போச்சுன்னு சொல்லிக்கலாம். அவர் இருமாம இருந்தாப் போதும்."

இதைப் பெரியவரிடம் போய்ச் சொல்ல மூன்று ஆண்களில் ஒருவருக்கும் முகமில்லை. டீச்சரை அனுப்பினார்கள்.

அறையில் ஈரத் துண்டு வாடையும் இருமல் மருந்தின் தித்திப்பு வாடையும் கலந்து கிடந்தன. பெரியவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அவர் ரயில்வே கேட் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"கேட்டை மூடினா, வண்டி போயிடுச்சுன்னு தகவல் வராம நான் திறந்ததே கிடையாதும்மா. நீங்க வந்து போயிட்டார்னு சொல்லுங்க. அதுவரைக்கும் சத்தம் வராது."

"மன்னிச்சுக்குங்க ஐயா."

"எனக்கு எவ்வளவு போட்டாங்க?"

அவளுக்குப் பொய் வரவில்லை. "மூணு."

பெரியவர் சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. "அஞ்சு போவேன்னு நெனச்சேன்" என்றார்.

மதியம் சாயும் நேரத்தில் வேல்யூவர் வந்தார். சுவர்களைத் தட்டினார், நாடா பிடித்து அளந்தார். கடைசியில் பின்னறைக் கதவில் சாய்ந்துகொண்டுதான் எல்லாவற்றையும் எழுதினார். சாவகாசமாக எழுதினார்.

கதவுக்குப் பின்னால் சத்தமே இல்லை.

அவர் கிளம்புகையில் வங்கியிலிருந்து போன் வந்தது. மேனேஜர் நாளையிலிருந்து விடுப்பு. கையெழுத்து இன்றே, இப்போதே. எல்லோரும் விழுந்தடித்து ஓடினார்கள். அண்ணன் மகன் பைக்கில், மற்றவர்கள் ஆட்டோவில். பாதி வழியில் டீச்சர் கேட்டாள்.

"ஐயாவை வெளிய விட்டாச்சா?"

"அவன் சித்தப்பா, அவன் திறந்திருப்பான்" என்றார் கடைக்காரர். பைக்கில் போனவன், வீட்டில் கடைசியாக இருந்தவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று நினைத்தான். சாவி அவன் சட்டைப்பையிலேயே இருந்தது.

கையெழுத்துகள் முடிந்து அவர்கள் திரும்பியபோது தெருவிளக்கு எரிந்துகொண்டிருந்தது.

பெரியவர் கட்டிலில் நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தார். இருமலை அடக்கத் துண்டைத் தன் கையாலேயே வாய்க்குள் திணித்திருந்தார். முக்கால் துண்டு உள்ளே போயிருந்தது. கண்கள் கதவைப் பார்த்தபடி.

அண்ணன் மகன் முகத்தைப் பொத்திக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதான். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு கடைக்காரரைப் பார்த்தான்.

"சார், அந்த மூணு லட்சம் குறைச்சது இவர் இருக்கறதுக்காக. இப்ப இவர் இல்லையே."

"பேசினது பேசினதுதான். ஒரு வருஷம்னு சொன்னது நீங்கதானே?"

"இருபதுன்னு சொன்னது நீங்க சார்."

ஒன்றரையில் முடிந்தது. பேரம் முடியும்வரை அந்தத் துண்டை யாரும் எடுக்கவில்லை.

அடுத்த மாதம் கடைக்காரரும் டீச்சரும் குடிவந்தார்கள். பின்னறையைக் கழுவிவிட்டுப் பூட்டிப் போட்டார்கள். முதல் சில நாட்கள் ஒன்றுமில்லை. பிறகு ஒரு நாள் பள்ளியிலிருந்து வந்த டீச்சர் கூடத்தில் உட்கார்ந்து நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தாள். வெயில் சாய்ந்து, நடையில் நிழல் நீண்டது. இருமல் மருந்து வாடை வந்தது.

அப்புறம் அந்தச் சத்தம்.

அது இருமல் இல்லை. இருமல் வந்து தொண்டையில் முட்ட, அதை ஒருவர் பிடித்து விழுங்கினால் வருமே, அது. "க்." பிறகு நீண்ட அமைதி. யாரோ காது கொடுத்துக் கேட்கிற அமைதி.

"க்."

கணவரிடம் சொன்னாள். அவருக்கும் கேட்டிருந்தது. ஒப்புக்கொள்ளாமல் இழுத்தடித்துவிட்டு, கடைசியில் சொன்னார்.

"இங்க பாரு. இப்ப வித்தா பத்திரச் செலவு போச்சு, புரோக்கர் காசு போச்சு, வக்கீல் காசு போச்சு. மறுபடி எங்க போய் நிக்கறது? பயப்படறதுக்கெல்லாம் நமக்கு வசதி இல்ல."

அவர் சொன்னதில் ஒரு பைசாகூடத் தப்பு இல்லை.

மறுநாள் வெயில் சாயும் நேரத்தில் நடையைக் கடக்கும்போது, பலகைக்கு அந்தப் பக்கத்திலிருந்து, காதோடு பேசுவதுபோல ஒரு குரல்.

"போயிட்டாராம்மா?"

அவள் நடையின் நடுவில் நின்றுவிட்டாள்.

"போயிட்டாரா?"

போயிட்டார் என்று சொன்னால் கதவு திறக்கும். திறந்துகொண்டு எது வரும்? அவள் சொன்னாள்.

"இன்னும் போகல ஐயா. இருங்க."

"சரிம்மா."

அது பழக்கமாகிப் போனது. தினமும் வெயில் சாய்ந்ததும் அந்தக் கேள்வி, அந்தப் பதில். ஒரு நாள் பஸ் கிடைக்காமல் அவள் தாமதமாக வந்தாள். பின்னறையின் பூட்டு வாய் பிளந்து தொங்கிக்கொண்டிருந்தது. ஓடிப்போய்க் கதவில் கைகளை ஊன்றிக்கொண்டு, "போகல, இன்னும் போகல" என்று கத்தினாள். உள்ளேயிருந்து கதவைத் தள்ளிக்கொண்டிருந்த ஏதோ ஒன்று, மரியாதையாகக் கையை எடுத்துக்கொண்டது.

மறுநாளிலிருந்து சம்பளமில்லா விடுப்பு. பதில் சொல்ல வீட்டில் ஆள் வேண்டுமே. ஒரு சம்பளம் நின்றதும் தவணை கழுத்துக்கு வந்தது. கடைக்காரர் ராத்திரியெல்லாம் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டு, நேராகவே பேசித் தீர்ப்பது என்று முடிவெடுத்தார். பேசித் தீராத விஷயம் எதையும் அவர் அதுவரை பார்த்ததில்லை.

அன்று மதியமே மழை இருட்டு. கரண்டும் இல்லை. அவர் நடையின் முடிவில் ஒரு முக்காலியைப் போட்டு, கதவுக்கு எதிரே, கடையில் உட்காருவதுபோல உட்கார்ந்தார். டீச்சர் பின்னால் சுவரோடு ஒட்டி நின்றாள்.

"பெரியவரே. தெனம் தெனம் கேக்காதீங்க. இவ வேலைக்குப் போகணும். மொத்தமாப் பேசிக்கலாம்."

மழைச் சத்தம். பிறகு உள்ளேயிருந்து மெல்ல,

"எவ்வளவு காலம் கேக்காம இருக்கணும்?"

"லோன் முடியற வரைக்கும். இருபது வருஷம்."

"க்." சிரிப்பாகவும் இருக்கலாம்.

"ஒண்ணு" என்றது குரல்.

கடைக்காரரின் முதுகு நிமிர்ந்தது. பயம் போய்விட்டது, எதிரே ஒரு நல்ல பார்ட்டி கிடைத்துவிட்டது. "ஒண்ணா? கட்டுப்படியாகாது பெரியவரே. பதினஞ்சு."

"அஞ்சு."

"உங்களுக்கும் வேணாம், எனக்கும் வேணாம். பத்து."

கதவின் கீழ் இடுக்கிலிருந்து ஈரத் துணி வாடை எழுந்தது.

"பத்து" என்றது குரல். "தவணை தவறாத வரைக்கும். முன்பணம்?"

"என்னங்க, வேணாம்" என்று டீச்சர் அவர் தோளைப் பிடித்தாள்.

பேரம் படிந்த சந்தோஷத்தில் மனிதர் எங்கோ இருந்தார். வழக்கமான வாடிக்கையாளரிடம் சொல்கிற அந்த உபசார வார்த்தை தானாக வாயில் வந்தது.

"நமக்குள்ள என்ன. நீங்களே பாத்து எடுத்துக்குங்க."

மறுநாள் காலையில் கடைக்காரர் டீ கேட்க வாயைத் திறந்தார். வாய் திறந்தது, உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. டாக்டர்கள் தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, ஒரு குறையும் இல்லை என்று கட்டணம் வாங்கிக்கொண்டார்கள்.

வாக்குத் தவறவில்லை, பின்னறை வாயைத் திறக்கவில்லை. டீச்சர் பள்ளிக்குப் போனாள். ஆனால் கடை என்பது கயிறும் தார்ப்பாயுமா? கடை என்பது வாய். ஊமைக் கடைக்காரரிடம் வந்தவர்கள் விலையைச் சுட்டிக் காட்டினார்கள்; அவர் தலையாட்டினார்; அவர்கள் பக்கத்துக் கடைக்குப் போனார்கள். வங்கித் தவணை ஒன்று தவறியது.

தவறிய அன்று விடுமுறை. இரண்டு பேரும் கூடத்தில் இருந்தார்கள். அவர் நாற்காலியில், வாய் மூடி. அவள் தரையில். வெயில் சாய்ந்தது.

மருந்து வாடை.

"போயிட்டாரா?"

அவள் தலை நிமிரவில்லை. கேள்வி புதிதில்லை. குரல்தான்.

பதினோரு வருஷமாக அவளைச் சாப்பிடக் கூப்பிட்ட குரல். கடைசிப் பைசாவரை பேசிப் பார்க்கும் குரல்.

"என்ன, பதிலையே காணோம்? போயிட்டாரா இல்லையா?" என்று பின்னறையிலிருந்து கேட்டது.

நாற்காலியிலிருந்தவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தொண்டை ஒரு முறை ஏறி இறங்கியது.

"க்."

வீட்டு விலையில் குறைந்தது மூன்று லட்சம். அதில் திருப்பிக் கொடுத்தது ஒன்றரை. வளையல் நான்கு. வங்கிக்குக் கட்டிய தவணை ஆறு, தவறியது ஒன்று. பின்னறைக்குப் பேசியது பத்து வருஷம், கழிந்தது ஒரு மாதம். முன்பணம் ஒரு குரல், எடுத்தாயிற்று. பாக்கி, டீச்சர் சொல்ல வேண்டிய ஒரு பதில்.