இழுப்பு

ஆறாவது துப்பாக்கியின் சத்தம் முடிய வேண்டிய இடத்தில் முடியவில்லை.

அரை நொடிகூட இருக்காது, ஒரு நூலளவு நீளம். வேறு யார் காதிலும் அது விழுந்திருக்காது. ஆனால் அந்தச் சத்தத்தை மைக்கில் பிடித்தவர் அவர். எங்கே தொடங்கி எங்கே நிற்க வேண்டும் என்று வெட்டியதும் அவர்தான். ஹெட்போனைக் கழற்றிவிட்டு, வீட்டின் பின்பக்கத்தில் இருந்த ஜன்னலில்லாத அந்த ஒலியறையின் சுவர்களில் ஒட்டியிருந்த கறுப்பு ஸ்பாஞ்சையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

கம்பெனியில் அவருக்குச் 'சத்தம் சார்' என்று பெயர். ஆள் பேசினால் பக்கத்து நாற்காலிக்குக்கூடக் கேட்காது என்பதால் வந்த கிண்டல். பல வருஷங்களுக்கு முன் அந்தக் கம்பெனி ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டை வெளியிட்டு அது சக்கைப்போடு போட்டது. வேற்றுக்கிரகத்துப் பூச்சிகளைச் சுட்டுத் தள்ளும் விளையாட்டு. திரையில் ஆடுபவரின் முகம் தெரியாது, கைகளும் அவை பிடித்திருக்கும் ஆயுதமும் மட்டும் தெரியும். அந்த ஆயுதங்களுக்கெல்லாம் குரல் கொடுத்தவர் இவர். கைத்துப்பாக்கிக்கு ஸ்டேப்ளர், இரட்டைக்குழலுக்குப் பீரோ கதவு, ராக்கெட்டுக்கு கேஸ் அடுப்பு 'பக்'கென்று பற்றும் சத்தம். இப்போது பழைய விளையாட்டைத் தூசிதட்டிப் புதிதாக வெளியிடுகிறார்கள். சத்தங்களைச் சுத்தம் செய்யும் வேலை இவர் தலையில் விழுந்திருந்தது.

ஆறாவதுதான் எல்லோருக்கும் செல்லமான ஆயுதம். பொத்தானை அமுக்கிப் பிடித்தால் முதலில் காற்றை உள்ளே இழுக்கும், அப்புறம்தான் நீல நெருப்பைக் கக்கும். அந்த முதல் பகுதிக்குக் கம்பெனியில் 'இழுப்பு' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். இழுப்பு பிரமாதம் சார், எதை வைத்துப் பிடித்தீர்கள் என்று புதிதாகச் சேரும் பிள்ளைகள் கேட்பார்கள். சைக்கிள் பம்ப் என்பார். தெரியாமலே அவர்கள் சரியான பெயரைத்தான் வைத்திருந்தார்கள்.

அக்காவுக்கு இழுப்பு நோய் இருந்தது.

பல வருஷங்களுக்கு முன், ஆயுதங்களுக்குச் சத்தம் பிடித்துக்கொண்டிருந்த ஒரு காலையில், அவளுடைய இன்ஹேலரை இவர்தான் கேட்டு வாங்கிக்கொண்டு இந்த அறைக்குள் வந்தார். விஷவாயுக் குண்டுக்கு அந்தப் 'புஸ்' அச்சாகப் பொருந்தும் என்று தோன்றியது. இதோ தந்துவிடுகிறேன் அக்கா என்றவர், வேலை மும்முரத்தில் மறந்தே போனார். கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்தால் யாரும் தட்டக்கூடாது, கூப்பிடக்கூடாது என்பது அந்த வீட்டில் சட்டம்; அதைத் தன் குட்டிப் பெண்ணுக்குச் சொல்லிச் சொல்லிப் பழக்கியதே அக்காதான். அதனால் அவளும் தட்டவில்லை. கதவுக்கு அந்தப் பக்கமிருந்து மைக்கில் ஒரு சத்தம் மெல்ல ஏறியது. இழுத்து, இழுத்து, ஒவ்வொன்றின் முடிவிலும் மெல்லிய ஒரு விசில். யாருடையது என்று தெரியாமல் இல்லை. ஆனால் அந்த நேரத்தில் அவர் தம்பியாக இல்லை, வெறும் காதாக இருந்தார். கை தானாகப் போய் மைக்கின் அளவைக் கூட்டியது. அப்புறம் 'தம்பி' என்று கேட்டது. அடடா, நல்ல டேக் கெட்டுப்போச்சே என்று எரிச்சல்தான் வந்தது. பேச்சுக் கலக்காமல் இன்னொன்று கிடைக்குமா என்று காத்திருந்தார்.

அவர் திறக்கப் போனபோது கதவு திறக்கவில்லை. அக்கா அதில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

துக்கம் கேட்க வந்தவர்கள் போன சூட்டோடு சூடாக, ஆயுதங்களின் சத்தங்களை ஒப்படைக்க வேண்டிய நாளும் வந்தது. 'தம்பி'யை வெட்டிவிட்டு மிச்சத்தை ஆறாவது ஆயுதத்துக்குக் கொடுத்தார். மருந்தை எங்கோ வைத்துவிட்டுத் தேடியிருக்கிறாள் பாவம் என்று ஊரே பேசிக்கொண்டது. இவரும் தலையாட்டினார். அக்கா மகளை இவரே வளர்த்தார், கல்யாணம்கூடச் செய்துகொள்ளவில்லை. இப்போது கல்லூரிக்குப் போகும் அவள், எங்க மாமா மாதிரி உண்டா என்று தோழிகளிடம் பெருமை அடித்துக்கொள்வாள். கேட்கும்போது அவர் கூனிக் குறுகிப்போவார். இந்த உலகத்தில் அவருக்கென்று மிச்சம் இருந்தது அவள் ஒருத்திதான்.

மறுபடி ஓடவிட்டார். இழுப்பு. இழுப்பு. விசில். அதன் பிறகு, வெட்டிய கோட்டைத் தாண்டி, உதடுகள் ஒட்டிப் பிரியும் ஈரச் சத்தம்.

கோட்டுக்கு வெளியே இருந்ததை அழித்தார். ஓடவிட்டார். இன்னும் நீண்டிருந்தது.

'த' என்றது.

அழித்தார். 'தம்' என்றது.

மொத்தமாக அழித்தார். பழைய பிரதி, காப்புப் பிரதி, எல்லாவற்றையும். பிறகு கொல்லையிலிருந்து நிஜமாகவே சைக்கிள் பம்பை எடுத்து வந்து, மைக்கின் முன் வைத்து, பைத்தியக்காரனைப்போல அடித்தார். நெற்றி வியர்வை பம்பின் மேல் சொட்டியது. அந்தச் சத்தத்தை ஆறாவது துப்பாக்கியில் ஏற்றிக் கேட்டார். பம்ப். வெறும் பம்ப். கண்ணீர் வந்துவிட்டது. இத்தனை வருஷமும் சொன்ன பொய்யை இன்று உண்மையாக்கிவிட்டோம் என்று ஒரு அற்ப நிம்மதி. சாயங்காலம் புது விளையாட்டைக் காட்டுவதாக அக்கா மகளிடம் சொல்லியிருந்தார். இனிமேல் காட்டலாம்.

கதவைத் திறந்தார். ஹாலில் இழுப்பு கேட்டது.

வெளிச்சம் அடிக்காமலிருக்கத் திரைச்சீலையை இழுத்துவிட்டு, அவள் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருந்தாள். சாயங்காலம்வரை பொறுமை இல்லை, காலையிலேயே அவர் பையிலிருந்து ஒரு பிரதி எடுத்துவிட்டதாகத் திரும்பாமலே சொன்னாள். குரலில் குறும்பு இருந்தது. பிறகு இல்லை.

"மாமா, பொத்தான விட்டுட்டேன். நிக்க மாட்டேங்குது."

ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கினார். நிற்கவில்லை. ஸ்விட்சை அணைத்தார். திரை அணையவில்லை. இழுப்பு. இழுப்பு. எந்த மூலையிலிருந்து வருகிறது என்று சொல்ல முடியவில்லை, அவராலேயே.

திரையில் கைகள் இல்லை. துப்பாக்கி மட்டும். அதன் வாய் எப்போதும் அந்தப் பக்கம்தான் பார்க்கும். இப்போது இந்தப் பக்கம் திரும்பியிருந்தது. கிட்டே வந்தது. கண்ணாடியில் மூச்சுப் பட்டதுபோல, திரையில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குப் பனி படர்ந்தது. சுருங்கியது. மறுபடி படர்ந்தது.

அவள் சட்டைக் கையால் துடைத்தாள். போகவில்லை.

"உள்பக்கம் இருக்கு மாமா."

ஒவ்வொரு இழுப்பின் முடிவிலும் அந்த விசில். அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"அம்மா தூங்கும்போது இப்படித்தான் சத்தம் வரும். எனக்கு அவங்களப் பத்தி ஞாபகம் இருக்கறதே இது ஒண்ணுதான்."

இப்போது சொல்ல வேண்டும். அவள் வேறு எங்கிருந்தும் கேட்பதற்கு முன், தன் வாயால். இப்போதே.

"அம்மாடி, நான் சொல்றேன். நானே சொல்லிடறேன்."

அவள் கையை உயர்த்தினாள்.

"இருங்க மாமா. பேசிட்டிருக்காங்க."

காதைத் திரையில் வைத்தாள். பனியின் மேல்.

சத்தம் நின்றுவிட்டது. அவருக்கு மட்டும். மின்விசிறி கேட்டது. தெருவில் போகும் வண்டி கேட்டது. தன் காதுக்குள் ரத்தம் ஓடுவதுகூடக் கேட்டது. திரையிலிருந்து ஒன்றுமே கேட்கவில்லை. ஆனால் அவள் கன்னத்தின் ஓரத்தில் பனி படர்ந்தது. சுருங்கியது. படர்ந்தது.

"ம்," என்றாள்.

கதை கேட்கும் குழந்தைகள் கொட்டும் அதே ம். கொஞ்சம் இடைவெளி. இன்னொரு ம். கண்கள் அவரைத் தேடி வந்து அவர் முகத்தில் நின்றன. அவற்றில் கோபம் இல்லை. இன்னும் இல்லை.

"ம்."

பிடுங்கிய ஸ்பீக்கர் வயர் இன்னும் அவர் கையில் இருந்தது.

"ம்."

கண் இமைக்காமல் அவரையே பார்த்துக்கொண்டு, கேட்டுக்கொண்டே இருந்தாள்.