ஐந்தாவது வரி

ஈஸ்வரி நான்கு வரிதான் பேசியிருந்தாள். அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. போன பங்குனியில் தொழிற்சாலையின் பயிற்சி அறையில், ஃபேனை நிறுத்தி, வாசலில் ஓர் ஆளைக் காவல் வைத்து, பதினோரு தடவை பேச வைத்துப் பதிவு செய்தார்கள். 'கதவு சன்னலைச் சாத்துங்க. ஃபேனை நிறுத்துங்க. ஈரத்துணியை இடுக்குல செருகுங்க. சைரன் ஒரே சீரா ஒரு நிமிஷம் ஊதற வரைக்கும், யார் கூப்பிட்டாலும் கதவைத் தொறக்காதீங்க.' அவ்வளவுதான். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள தெருக்களில் ஒத்திகை நடக்கும்போதெல்லாம் கலியன் தன் ஆட்டோவில் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு இந்த நான்கு வரியையும் திரும்பத் திரும்பப் போட்டபடி போவார்.

இன்று ஒத்திகை இல்லை. தெருமுனையிலிருந்து அவள் குரல் வந்தது. நான்காவது வரி முடிந்தது. ஒரு மூச்சு விடும் நேரம். பிறகு அதே குரல், அதே நிதானத்தில் கேட்டது.

"யாரு இன்னும் உள்ள இருக்கீங்க?"

ஈஸ்வரி டேப்பைக் கிழித்துக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள். கலியன் அண்ணன் மைக்கில் ஏதாவது சேர்த்துப் பேசுகிறாரோ? ஆனால் அது பெண் குரல். அவளுடைய குரல். பிறகு யோசிக்கலாம் என்று மறுபடி டேப்பை இழுத்தாள். இந்த மாதிரி நேரத்தில் கைக்கு வேலை இருப்பதுதான் நல்லது.

விடியற்காலை வரை நைட் ஷிஃப்ட் பார்த்துவிட்டு வந்தவள். பகலில் தூங்க வேண்டுமென்றால் இந்த லைன் வீடுகளில் காதை அடைத்துக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை. எட்டு வீடு, எட்டு டி.வி. இயந்திரச் சத்தத்துக்காகக் கம்பெனியில் கொடுக்கும் ஆரஞ்சு நிறப் பஞ்சு அடைப்பானைக் காதில் திருகிக்கொண்டு, காய்ச்சலில் இருந்த ஏழு வயது மோனிகாவை அணைத்தபடி படுத்திருந்தாள். மோனிகா உலுக்கி எழுப்பியபோது மணி பதினொன்றே கால். பஞ்சை எடுத்ததும் சைரன் காதில் விழுந்தது. ஏறி இறங்கி, ஏறி இறங்கி. அப்படி ஊதினால் ஆபத்து. ஒரே சீராக ஊதினால் ஆபத்து நீங்கியது. சன்னல் வழியே பார்த்தாள். தெருவில் ஒரு நாய்கூட இல்லை. எதிர்ச் சுவரோரம் முழங்கால் உயரத்துக்கு மஞ்சளும் பச்சையும் கலந்த மூட்டம். பிளீச்சிங் பவுடர் மூட்டையை முகத்துக்கு நேரே பிரித்ததுபோல ஒரு நெடி.

குளோரின். அது காற்றைவிட இரண்டரை மடங்கு கனம். புகைபோல மேலே போகாது. தண்ணீர்போலத் தரையோடு வரும், பள்ளத்தைத் தேடிப் போகும், கதவுக்கு அடியில் ஒரு விரற்கடை இடம் இருந்தால் போதும். வண்டி வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும் நேரம் முடிந்துவிட்டது. மூட்டம் தெருவுக்குள் வந்த பிறகு குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுபவர்கள்தான் முதலில் விழுவார்கள். ஓட்டத்தில் மூச்சு நான்கு மடங்கு உள்ளே போகும். அப்போது செய்ய வேண்டியது ஒன்றுதான். அறையை அடைத்துக்கொண்டு காத்திருப்பது.

அவள் அடைத்தாள். மோனிகாவைக் கட்டில்மேல் இரண்டு டிரங்குப் பெட்டிகளை அடுக்கி அதன்மேல் உட்கார வைத்தாள். மெயினை அணைத்தாள். சன்னலுக்குக் கறுப்புக் குப்பைப் பையைக் கிழித்து விரித்து நாலு பக்கமும் டேப் ஒட்டினாள். கதவிடுக்கில் நனைத்த துண்டைச் சுருட்டி அழுத்தி, அதன்மேலும் டேப் ஒட்டினாள். இருவர் மூக்கிலும் வாயிலும் ஈரத்துணி கட்டினாள். கடைசியாக ஓர் ஊதுவத்தியைக் கொளுத்தி, கதவுக்கு ஒரு முழம் தள்ளித் தம்ளர் அரிசியில் நட்டாள். பயிற்சியில் அவளுக்கு மிகவும் பிடித்த பாடம் இதுதான். நன்றாக அடைத்த அறையில் ஊதுவத்திப் புகை நூல் பிடித்ததுபோல நேராக எழும். எங்கேயாவது காற்று நுழைந்தால் அந்த நூல் சாயும். கண்ணுக்குத் தெரியாததைக் காட்டிக்கொடுக்க ஒரு ரூபாய்க் குச்சி போதும்.

இருட்டில் அந்தச் சிவப்புப் புள்ளிக்கு மேலே புகை நேராக நின்றது.

"ம்மா, கொள்ளக்காரி மாதிரி கீற நீ," என்றாள் மோனிகா, துணிக்குள்ளிருந்து.

"நீ மட்டும் இன்னாவாம், கொள்ளக்காரி பொண்ணு. எறங்காத, அங்கயே குந்து. கீழ கால வெக்கக் கூடாது."

"உன் கொரலு வேற மாதிரி கீது."

"துணி கட்டிக்கினு பேசறேன் இல்ல? அதான்."

ஆட்டோ அடுத்த தெருவுக்கு வந்துவிட்டது போலிருந்தது. நான்கு வரி. இடைவெளி. "யாரு இன்னும் உள்ள இருக்கீங்க?" இந்த முறை ஈஸ்வரி கூர்ந்து கேட்டாள். குரலுக்குப் பின்னால் ஆட்டோவின் படபடப்பு இல்லை.

கைபேசி அதிர்ந்தது. நான்காம் வீட்டு மெர்சி. ஈஸ்வரி அதுவரை தன் கணவன் தணிகைவேலைத்தான் விடாமல் அழைத்துக்கொண்டிருந்தாள். செவ்வாப்பேட்டையில் உறவுக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போனவன், லைன் கிடைக்கவே இல்லை.

"அக்கா! எங்க கீற? மொத வேன்ல போய்ட்டன்னு பாத்தா இங்க ஆளையே காணோம்."

"ஊட்லதான் கீறேன் மெர்சி. தூங்கிட்டேன். மோனிகாவும் கீது."

மறுமுனையில் மெர்சியின் மூச்சு நின்றது. "ஐயோ ஆண்டவரே. தட்டுனேனே அக்கா. குரலே இல்ல. வாசல்ல செருப்பும் இல்ல."

"நாய் தூக்கிக்கினு போவுதுன்னு செருப்ப உள்ள வெச்சிருந்தேன்."

"நீ கெளம்பிட்டன்னு நெனச்சி வெளித்தாப்பா போட்டுட்டேன் அக்கா. வெள்ளத்துணியும் கட்டிட்டேன்."

இந்த வரிசையில் யார் வெளியூர் போனாலும் கடைசியாகக் கிளம்புபவர் மற்றவர்களின் கதவுக்கு வெளித்தாழ்ப்பாள் போட்டுவிட்டுப் போவது வழக்கம். அது ஒரு மரியாதை. வெள்ளைத்துணி மட்டும் புதியது. கதவில் வெள்ளை கட்டியிருந்தால் வீடு காலி, தேட வேண்டாம். சிவப்பு கட்டியிருந்தால் உள்ளே ஆள். எட்டு வீட்டுக்கும் அந்தத் துணிகளைக் கிழித்துக் கொடுத்தவள் ஈஸ்வரிதான்.

"யாருகிட்டயாவது சொல்லு மெர்சி. ஏழாம் நம்பர்ல ஆள் கீதுன்னு சொல்லு. கலியன் அண்ணன் ஆட்டோ இங்கதான் சுத்திக்கினு கீது, அவருக்குப் போன் போட்டாவது..."

"ஆட்டோவா?" என்றாள் மெர்சி. "இன்னாக்கா சொல்ற? ஆட்டோ எங்க கூடவே புதுவாயல் வந்துட்ச்சே. தோ, கலியன் அண்ணன் டீ குடிச்சிக்கினு கீறாரு. உன்ன 'ரேடியோ ஸ்டேஷன்'னு கூப்புடுவாரே, 'ரேடியோ ஸ்டேஷன் எங்க'ன்னு உன்னத்தான் கேட்டாரு. அக்கா? அக்கா, கேக்குதா..."

லைன் அறுந்தது. அவள் சொன்னதில் மெர்சிக்கு எவ்வளவு கேட்டது என்று தெரியவில்லை. மறுபடி அழைத்தாள். டவர் இல்லை.

வெளியே, மூன்று வீடு தள்ளி, அவள் குரல் ஃபேனை நிறுத்தச் சொன்னது.

அவள் மோனிகாவின் பாதத்தைப் பிடித்துக்கொண்டாள். காய்ச்சலில் சுட்டது. எவ்வளவு நேரம் அப்படி நின்றாள் என்று தெரியாது. அறையில் காற்று கனத்து, ஊதுவத்தியும் ஈரத்துணியும் பழைய வியர்வையும் சேர்ந்த ஒரு வாடை தொண்டையில் படிந்தது. சுவர்க் கடிகாரத்தின் முள் ஒவ்வொரு நொடியையும் தள்ளித் தள்ளி வைத்தது. அப்போதுதான் பூட்ஸ் சத்தம் கேட்டது. நான்கு கால்கள். கனமான நடை. ஒவ்வொரு வாசலிலும் நின்று நின்று வந்தது.

"நாலு. வெள்ள," என்றது முகமூடிக்குள் அமுங்கிய ஓர் ஆண் குரல். "அஞ்சி. வெள்ள."

ஈஸ்வரி வாய்த்துணியை இறக்கிவிட்டுச் சுவரைக் குத்தினாள். "சார்! உள்ள கீறோம்! ஏழாம் நம்பர்! நானும் மோனிகாவும் கீறோம் சார்! மோனிகா, என் பொண்ணு!"

முகமூடி போட்டவனுக்கு அவன் மூச்சு மட்டும்தான் கேட்கும். முதுகில் காற்று உருளை, முகத்தில் கண்ணாடி. ஒவ்வொரு மூச்சும் காதுக்குள் பம்பு அடிப்பதுபோல இரையும். பக்கத்தில் இடி விழுந்தாலும் பாதிதான் தெரியும். அதனால்தான் துணி. காது வேலை செய்யாத இடத்தில் கண் வேலை செய்யட்டும் என்றுதான் அந்த ஏற்பாடு. அருமையான ஏற்பாடு என்று ஈஸ்வரியே கூட்டத்தில் எழுந்து சொல்லியிருந்தாள்.

"ஏழு," என்றது குரல், கதவுக்கு அந்தப் பக்கம், கைக்கெட்டும் தூரத்தில். "வெள்ள."

"சார்!"

"எட்டு. வெள்ள. எல்லாம் காலி."

பூட்ஸ் தேய்ந்து மறைந்தது. கத்தியதில் அவள் தொண்டை கிழிந்திருந்தது. மூச்சை இழுத்தபோது உள்ளே மிளகாய்ப்பொடி போட்டதுபோல எரிந்தது. துணியை மறுபடி ஏற்றிக் கட்டினாள்.

அப்போது உணர்ந்தாள். ஒலிபெருக்கி நின்றிருந்தது. அவள் கத்தத் தொடங்கியபோதே நின்றிருக்க வேண்டும்.

யாரோ ஒட்டுக் கேட்டதுபோல.

சன்னலில் சரசரவென்று ஒரு சத்தம். ஈரச் சுவரில் டேப் பிடிக்காமல், பையின் மேல் மூலை கழன்று மடிந்தது. வெளிச்சம் கத்திபோல உள்ளே விழுந்தது. மஞ்சள் வெளிச்சம். பாய்ந்து போய் இரண்டு உள்ளங்கைகளாலும் பையைச் சுவரோடு அழுத்தினாள். டேப் சுருள் கட்டிலுக்கு அடியில் உருண்டு கிடந்தது. கையை எடுத்தால் பை விழும். பை விழுந்தால் அறை போய்விடும். முதுகைக் கதவுக்குக் காட்டியபடி அப்படியே நின்றாள்.

கதவில் தட்டும் சத்தம்.

மூன்று தட்டு. மெதுவாக. கதவின் அடியில், கணுக்கால் உயரத்தில்.

"கதவு சன்னலைச் சாத்துங்க," என்றது ஈஸ்வரியின் குரல். ஒலிபெருக்கியின் கரகரப்பு இல்லை. தெளிவாக, இளமையாக, பங்குனி மாதத்துக் குரல். "ஃபேனை நிறுத்துங்க."

தரையிலிருந்து வந்தது.

"மோனிகா," என்றது. "மோனிகா, என் பொண்ணு. ஏழாம் நம்பர்."

"ம்மா?" என்றாள் மோனிகா.

"பேசாத," என்றாள் ஈஸ்வரி. தகரத்தை இழுத்ததுபோல வந்தது சத்தம். அது தன் குரல்தானா என்று அவளுக்கே தோன்றியது. "நான் இங்கதான் கீறேன்."

மோனிகா இருட்டில் அவளைப் பார்த்தாள். முகத்தில் பாதி துணி. மீதி நிழல். கண்கள் வீங்கிச் சிவந்து, சுவரில் ஒட்டிக்கொண்டு நிற்கும் ஓர் உருவம்.

"மோனிகா," என்றது வெளியே, சாதம் ஊட்டும்போது கூப்பிடும் குரலில். "துணிய எடு."

டிரங்குப் பெட்டி கிறீச்சிட்டது. சிறு பாதங்கள் தரையில் பட்டன.

"எறங்காத! மோனிகா! அது அம்மா இல்ல!"

"நீதான் இல்ல," என்றாள் மோனிகா. அழுதுகொண்டே சொன்னாள். "உன் கொரலு வேற."

"நான்தாண்டி. கண்ணு. நான்தான்."

டேப் உரியும் சத்தம். நீளமாக. கையை எடுக்க வேண்டும். எடுத்தால் பை விழும். ஒரு கையை எடுத்துப் பார்த்தாள். அந்தப் பக்கம் உடனே பிரிந்தது. நெடி உள்ளே வந்தது. மறுபடி அழுத்தினாள். கழுத்தை மட்டும் திருப்பிப் பார்த்தாள்.

ஈரத்துண்டு ஒதுக்கப்பட்டிருந்தது. கதவின் அடியில் ஒரு விரற்கடை மஞ்சள் கோடு. மோனிகா குப்புறப் படுத்து, கன்னத்தைத் தரையில் வைத்து, அந்த இடுக்கு வழியே பார்த்துக்கொண்டிருந்தாள். இருமவில்லை.

அவள் சிரித்தாள்.

"ஏம்மா," என்று கேட்டாள் இடுக்கைப் பார்த்து, "இன்னாத்துக்குத் தரையில பட்த்துக்கினு கீற?"

வெளிக்காற்று உள்ளேதான் வர வேண்டும். புகை அறைக்குள்தான் சாய வேண்டும். ஆனால் ஊதுவத்தியின் அந்த வெள்ளை நூல் கதவை நோக்கிச் சாய்ந்தது. இடுக்குக்குள் இழுபட்டது. நின்றது. திரும்பி வந்தது. மறுபடி சாய்ந்தது.

மூச்சு.

மெர்சி போட்ட தாழ்ப்பாள் இருக்கிறது. இவ்வளவு நேரம் அவள் சபித்த தாழ்ப்பாள். எண்ணெய் காணாத பழைய இரும்பு. இழுத்தால் இரண்டு இடத்தில் சிக்கும். ஒவ்வொரு சிக்கலுக்கும் ஒரு சத்தம். அது மார்பு உயரத்தில் இருக்கிறது. தரையில் கிடப்பதற்கு அது எட்டாது. எட்டக் கூடாது.

டக்.

மோனிகா எழுந்து நின்றாள். ஃபிராக்கைத் தட்டிவிட்டுக்கொண்டாள். இடுக்கைப் பார்த்திருந்த அவள் முகம், வெளியே ஏதோ எழுந்து நிற்பதைத் தொடர்வதுபோல, கதவின்மேல் மெல்ல மெல்ல உயர்ந்தது. அம்மாவின் உயரத்துக்கு வந்தது. நிற்கவில்லை. அதற்கும் மேலே, கூரைவரை போனது.

டக்.