முதல் பலி: செல்வக்குமார்

செல்வக்குமார் செத்துப்போன செய்தி, செல்வக்குமாருக்கே போனில்தான் வந்தது!

ஒத்தக்கடை வீட்டில் பாதி முகம் சவரம் செய்திருந்த நேரம். நுரையோடு எடுத்தான். அழைத்தவர் நல்லகாமன். சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருப்பவர். அன்று சாயங்காலம் அவர் மகள் சுபலட்சுமிக்கும் இவனுக்கும் நிச்சயதார்த்தம்.

"அய்யா... செல்வக்குமார் தம்பிக்கு என்னய்யா ஆச்சு? எப்ப எடுக்குறீக?"

குரல் உடைந்திருந்தது.

"மாமா, நான் செல்வக்குமார்தான் பேசுறேன்."



பிறகு விஷயம் வெளியே வந்தது. பூமாலை சொல்லத் தல்லாகுளம் வந்தவர், சுவருக்குச் சுவர் மாப்பிள்ளையின் கண்ணீர் அஞ்சலி போஸ்டரைப் பார்த்து பஸ் ஸ்டாப்பிலேயே உட்கார்ந்துவிட்டாராம். ஆள் உயிரோடு இருக்கிறான் என்று தெரிந்ததும் அழுகை போய்க் கோபம் வந்தது.

"உசுரோட இருக்கவனுக்குப் போஸ்டர் ஒட்டுறான்னா பகையில்லாம ஒட்ட மாட்டான். பகையுள்ள எடத்துல நான் பொண்ணு குடுக்க மாட்டேன் தம்பி. ஆளு யாருன்னு கண்டுபிடிச்சுட்டு வாங்க. இல்லாட்டி நிச்சயம் கிடையாது."

லைன் செத்தது.

 சுபலட்சுமியைப் பெண் பார்த்த நாளிலிருந்து செல்வக்குமாருக்கு ஒழுங்காகச் சோறு இறங்கவில்லை. இப்போது அவளே கைநழுவிப் போகிறாள்!

மீதித் தாடியோடு பைக்கை உதைத்தான்.

தல்லாகுளத்தில் டீக்கடைச் சுவரிலேயே சிரித்துக்கொண்டிருந்தான். டீ குடித்தபடி போஸ்டரைப் பார்த்து உச்சுக்கொட்டிய பெரியவர் ஒருவர், திரும்பினார். இறந்தவரே பக்கத்தில் நிற்பதைக் கண்டு டீயை மறந்து நடையைக் கட்டினார்.

போஸ்டரின் அடியில் அச்சகத்தின் பெயர்.

கார்த்திகேஷின் அச்சகம்!

கார்த்திகேஷ் பள்ளிக்கூடத் தோழன். ஞாயிறுதோறும் அவன் அச்சகத்தில்தான் நண்பர்கள் கூடி விளையாடுவார்கள். ஆளுக்கொரு வேஷம். ஒருவன் தளபதி, ஒருவன் திருடன், ஒருவன் மந்திரவாதி. கதையை வாயாலேயே நடத்துவார்கள். எந்த வேஷத்துக்கு அடுத்து என்ன ஆபத்து என்பதையெல்லாம் கம்ப்யூட்டரில் ஒரு சாஃப்ட்வேர் கவனித்துக்கொள்ளும், பேசுகிற வசனத்தையும் பதிந்துவைக்கும். பாஸ்வேர்டு இருந்தால் போனிலிருந்தே அதைத் திறக்கலாம்.

அச்சகத்துக்குள் நுழைந்ததும் செல்வக்குமார் கேட்டான், "மாப்ள... என்னைய ஏன்டா கொன்ன?"

கார்த்திகேஷ் அழகர்மேல் சத்தியம் செய்தான். தனக்கு எதுவும் தெரியாது என்றான். பக்கத்தில் பசை வாளியோடு உட்கார்ந்திருந்த சின்னக்கருப்பனைக் காட்டினான். அச்சகத்துக்கு வாடிக்கையாகப் போஸ்டர் ஒட்டுகிறவர். கடைச் சாவி ஒன்று எப்போதும் அவர் இடுப்பில்தான்.

"காலையில பிரிண்டர் தட்டுல கெடந்துச்சுண்ணே, ஒட்டுனேன். கல்யாணம் காத்துக் கெடக்கும், சாவு காக்காது. அஞ்சலி போஸ்டருன்னா நான் யாரையும் கேக்குறதில்ல."

அது மதுரையின் தொழில் தர்மம். குறை சொல்ல முடியாது.

அப்படியானால் அச்சடித்தது யார்?

கார்த்திகேஷ் சாஃப்ட்வேரைத் திறந்தான். செட்டிங்ஸுக்குள் போனான். முகம் வெளுத்தான்.

'கதை வகை' என்ற கட்டத்தில் பல மாதங்களாக இருந்தது 'காதல்'. இப்போது இருப்பது...

'க்ரைம்'!

"க்ரைம்னு வச்சா, கதையில மொதப் பலி விழுந்துரும் மாப்ள. சாவுச் சேதியையும் அதுவே அடிச்சுத் தள்ளிரும்."

விளையாட்டுக்கு வரைபடம் அச்சடிக்கவென்று கடைப் பிரிண்டரை அதில் இணைத்திருந்தவன் கார்த்திகேஷ்தான். சாவுச் சேதிக்குத் தனியாக டிசைன் எதற்கு என்று, கடையின் கண்ணீர் அஞ்சலி டிசைனைத் தூக்கி உள்ளே போட்டிருந்தவனும் அவனேதான். பிரிண்டரில் முந்தின நாள் காதுகுத்துப் போஸ்டருக்கு வைத்த எண்ணிக்கை வேறு அப்படியே இருந்திருக்கிறது. சின்னக்கருப்பன் ஊரெல்லாம் ஒட்டிவிட்டார்.

"ஆனா மொதப் பலியை சாஃப்ட்வேர் தேர்ந்தெடுக்கல. உன் பேரையும் போட்டோவையும் யாரோ உள்ள குடுத்திருக்காங்க. பாஸ்வேர்டை யாருக்குடா சொன்ன?"

செல்வக்குமார் போஸ்டர் ஒன்றைக் கையில் எடுத்தான். அந்தப் போட்டோவையே பார்த்தான். நீலச் சட்டை. அசட்டுச் சிரிப்பு. பின்னால் பச்சையாக ஏதோ கொடி...



"ஆளு தெரிஞ்சிருச்சு. கடை லோடு ஆட்டோவை எடு."

"எங்கடா?"

"சோழவந்தான்."

தன் தொழிலுக்கே களங்கம் வந்துவிட்டதென்று சின்னக்கருப்பனும் வாளியோடு பின்னால் ஏறிக்கொண்டார். குற்றவாளி மேல் முதல் அடி தன்னுடையதுதான் என்றார்.

நல்லகாமன் வாசலிலேயே நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் சுபலட்சுமி. செல்வக்குமாரைப் பார்த்தாள். தலையைக் குனிந்துகொண்டாள்.

"யாரு தம்பி?"

பெயரைச் சொன்னால் இவன் தப்பிப்பான். ஆனால்...



"நான்தான் மாமா. வெளாட்டு செட்டிங்ஸ்ல கை தவறித் தட்டிட்டேன்."

நல்லகாமனின் மீசை துடித்தது. கை தவறித் தன் சாவைத் தானே அடித்துக்கொள்கிறவனுக்கா பெண் கொடுப்பது என்று ஆரம்பித்தார்.

"அவரு இல்லப்பா. நான்தான்."

சுபலட்சுமி!

பெண் பார்க்க வந்த அன்று கொடிக்காலில் நிற்கவைத்து, அந்தப் போட்டோவை எடுத்தவள் அவள். அது அவள் போனைத் தவிர வேறெங்கும் இல்லை. மறுநாளே செல்வக்குமார், நமக்குள் என்ன ரகசியம் என்று தன் தளபதி வேஷத்தோடு பாஸ்வேர்டையும் உளறியிருந்தான். அவள் உள்ளே போய்ப் பழைய கதையையெல்லாம் படித்துவிட்டாள்.

"மேகவல்லின்னு ஒரு இளவரசி. இவரு அவ காலடியிலயே கெடக்காரு. உனக்காக உசுரையே குடுப்பேன்னு வாராவாரம் வசனம். எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. குடுக்கட்டும்னுதான் க்ரைம்ல போட்டேன். கதைக்குள்ள சாவாருன்னு நெனச்சேன், ஊரெல்லாம் ஒட்டுவாகன்னு யாரு கண்டா?"

கண் கலங்கிவிட்டது.

"யாரு அந்த மேகவல்லி? அதை மட்டும் சொல்லச் சொல்லுங்க."



லோடு ஆட்டோ பக்கம் ஒரு கை மெல்ல உயர்ந்தது. முரட்டு மீசை, முழங்கை வரை அச்சு மை... கார்த்திகேஷ்!

"நான்தான் தங்கச்சி. சீட்டுக் குலுக்கிப் போட்டதுல அந்த வேஷம் எனக்கு விழுந்துருச்சு."

முதலில் சிரித்தவர் நல்லகாமன். தோள் துண்டு நழுவி விழுகிற அளவுக்குச் சிரித்தார்.

"பகையாளி எங்க வீட்டுக்குள்ளயே இருக்கா. இனி யாரைப் போயி நியாயம் கேக்குறது? மீதித் தாடியையும் எடுத்துட்டு வாங்க மாப்ள, சாயங்காலம் தட்டு மாத்திருவோம்."

கார்த்திகேஷ் தன் போனை நீட்டினான். செட்டிங்ஸில் ஒன்று பாக்கி இருந்தது.

'பலியானவர் உயிர் பிழைக்கலாமா?' ஆம். இல்லை.

சுபலட்சுமியின் விரல் தேவைக்கு மேல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது.  கடைசியில் 'ஆம்' என்பதைத் தட்டினாள்.

"பாஸ்வேர்டு இனிமே எங்கிட்டயே இருக்கட்டும்" என்றாள்.

போய் எல்லாப் போஸ்டரையும் கிழித்துவிட்டு நிச்சயதார்த்த வாழ்த்துப் போஸ்டர் ஒட்டும்படி கார்த்திகேஷ் சின்னக்கருப்பனிடம் சொன்னான். அவர் வாளியை இறக்கவே இல்லை.

"எதுக்குண்ணே கிழிக்கணும்? அதே ஆளு, அதே போட்டோ. 'மணமகன்'னு ஒரு துண்டு மட்டும் அடிச்சுக் குடுங்க, பேருக்கு முன்னால ஒட்டிர்றேன். கண்ணீர் அஞ்சலி அப்படியே இருக்கட்டும்!"