மேல்மடுவில் ஒரு நீலத் துப்பட்டா

மெகருன்னிசாவுக்குக் கோபம் வந்தால் முதலில் மூக்கு நுனிதான் சிவக்கும். அன்றைக்கு மேல்மடுவில் குளித்த குளிரிலேயே அது சிவந்து கிடந்ததால், கோபம் வந்ததை அவளே கொஞ்சம் தாமதமாகத்தான் கவனித்தாள்.

பாதை வளைவுக்கு அந்தப் பக்கம் யாரோ இருமினார்கள். ஒரு தடவையா, இரண்டு தடவையா... இது ஆறாவது தடவை.

"யாருங்க அது? பொம்பளைங்க இருக்கற எடத்துல ஒளிஞ்சிகினு இன்னா வேல?"

"ஒளியலைங்க..." ஓர் ஆண் குரல் நிதானமாக வந்தது. "முதுகக் காட்டிக்கினு ரெண்டு மணி நேரமா குந்திகினு இருக்கோம். நீங்க துணிய எடுத்தாத்தான் நாங்க போவ முடியும்."

"எந்தத் துணிய?"

"வழி மேல போட்டிருக்கீங்களே... நீலத் துணி."

அவள் திரும்பிப் பார்த்தாள். குளித்து முடித்ததும் காயட்டும் என்று பாதையோரப் புதரில் விரித்த துப்பட்டா. அதற்கும் இவர் போவதற்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் இருந்தது. மலையில் அது எழுதாத சட்டம். மடுவுக்குப் போகும் வழியில் துணி தொங்கினால் உள்ளே பெண்கள் குளிக்கிறார்கள் என்று பொருள். துணி இறங்குகிறவரை எந்த ஆணும் வளைவைத் தாண்ட மாட்டான், எட்டியும் பார்க்க மாட்டான். பொறுக்க முடியாவிட்டால் இருமலாம், அவ்வளவுதான். கள்ளக்குறிச்சி ஜவுளிக்கடை அப்துல் ஜலீல் மகளுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? அவள் பாட்டுக்குத் துணியைக் காயப்போட்டுவிட்டு, பாறையில் படுத்துக்கொண்டு, அருவி விழுவதைப் பார்த்துக் கனவு கண்டுகொண்டிருந்தாள். பக்கத்தில் சித்தப்பா மகள் நூர் பீவி வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள்.

துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "வாங்க..." என்றாள். குரல் பாதியாகிவிட்டது.

இரண்டு பேர் வந்தார்கள். தேன் டின்னைத் தலையில் வைத்திருந்த ஒருவன் மலைக்காரன். மாயவன் என்று அவனே சொல்லிச் சிரித்தான். இன்னொருவன் வேட்டியை மடித்துக் கட்டியிருந்தான், கையில் இரண்டு டின். அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். ஒரே பார்வை... பார்த்ததும் ஏனோ சட்டென்று தலையைக் குனிந்துகொண்டான். அந்தக் கண்களில் கோபம் இல்லை. வேறென்னவோ இருந்தது. அது என்ன என்று அவளுக்குத் தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது.

"மன்னிச்சிக்கோங்க. எனக்குத் தெரியாது."

"பரவால்லங்க. மூணு மணி ஜீப்பு போயிருக்கும். அவ்ளோதான்."

"அடுத்த ஜீப்பு?"

"நாளைக்கு."

அவளுக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. "எங்க ஜீப்பு நிக்குது. அதுல வாங்க. எங்க வூட்டு ஆளுங்கல்லாம் கீழ்மடுவுல சாப்ட்டுகினு இருக்காங்க."

மழை பிடித்துக்கொண்டது. கல்வராயன் மலை மழைக்கு அவசரமே கிடையாது... முதலில் மூங்கில் தோப்பில் ஒரு சலசலப்பு, பிறகு இலைகளில், பிறகு இமைகளில். மாயவன் நூர் பீவியை எழுப்பி முன்னால் அழைத்துப் போனான். பின்னால் இவர்கள் இருவர். அவன் திரும்பாமலே வழி சொல்லிக்கொண்டு நடந்தான்.

"அந்தப் பாறை வழுக்கும். வலப்பக்கம் கால வைங்க."

"நா வைக்கறது உங்களுக்கு எப்டித் தெரியும்? பின்னாடியும் கண்ணு இருக்கா?"

"சத்தம் கேக்குதுல்ல. ரொம்ப சத்தமாத்தான் நடக்கறீங்க."

"தண்ணியில சத்தமில்லாம நீந்துவேன். வடக்கனந்தல் கெணத்துல கத்துக்கினது."

"அப்டியா... அப்ப ஆத்தோடயே போயிருக்கலாம். எனக்கு ஜீப்பாவது கெடச்சிருக்கும்."

அவள் சிரித்துவிட்டாள். அவன் தோள்களும் குலுங்கின. ஈர மண் மணத்தது. இந்தப் பாதை முடியாமல் இன்னும் நாலு மைல் நீளக்கூடாதா என்று நினைத்தாள்... நினைத்ததற்கு வெட்கப்பட்டாள்.

"உங்க பேரு?"

அவன் திரும்பாமலே சொன்னான். "தஸ்தகீர். வெள்ளிமலையில கட வச்சிருக்கேன். தேன், புளி, கடுக்கா."

மெகருன்னிசாவின் கால் நின்றுவிட்டது.

இவரா... இவரா அவர்?

நாலு மாசத்துக்கு முன்னால் காசிம் பீவி என்ற அம்மாள் மகன் தஸ்தகீருக்குப் பெண் கேட்டு வீடு தேடி வந்தார். கவரில் போட்டோ கொண்டுவந்தார். மெகருன்னிசா கவரைப் பிரிக்கவே இல்லை. 'மலையில தேன் விக்கறவருக்கு வாக்கப்பட்டு, நான் கொரங்குக்குக் காவல் இருக்கணுமா' என்று உள்ளே இருந்து சொன்னாள். கூடத்தில் இருந்த அந்த அம்மாள் காதில் அது விழுந்தது. டீயைக் குடிக்காமல் எழுந்து போனார். இனி இந்த வீட்டுப் படி ஏறமாட்டேன் என்று வாசலில் சொல்லிவிட்டுப் போனார்.

முன்னால் போன நூர் பீவி திரும்பி தஸ்தகீரிடம், "அண்ணே, உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?" என்று கேட்டாள். அவளுக்கு இப்படித்தான், எதையும் கேட்டுவிடுவாள்.

"இல்லம்மா. வெள்ளிக்கெழம உளுந்தூர்பேட்டைக்குப் பொண்ணு பாக்கப் போறோம். பாத்து இனிப்பு தின்னா முடிஞ்ச மாதிரிதான்."

இன்றைக்குச் செவ்வாய். கீழ்மடுவின் பேச்சுச் சத்தம் மழைக்குள் லேசாகக் கேட்க ஆரம்பித்துவிட்டது. அங்கே போனால் அத்தா இருப்பார், அம்மா இருப்பாள். பிறகு ஒரு வார்த்தை பேச முடியாது. மறுத்த வீட்டிலிருந்து மறுபடி கேட்டுப் போகும் வழக்கமும் கிடையாது. எதிரே தெரிந்த பெரிய மூங்கில் புதர் வரைக்கும்தான் அவளுக்கு நேரம்.

"கொஞ்சம் நில்லுங்க."

நின்றான். திரும்பவில்லை.

"நா யாருன்னு சொன்னா கோவப்படுவீங்க."

"தெரியும்ங்க. பாத்ததுமே தெரியும்."

"எப்டி?"

"போன நோம்புக்கு உங்க கடைக்குப் போர்வ எடுக்க வந்தேன். 'இது சாயம் போவும், வேற எடுங்க'ன்னு சொந்தக் கடத் துணியவே வேணாம்னு சொன்னீங்க. உங்க அத்தா மொறச்சாரு. அன்னிக்கே..." நிறுத்திக்கொண்டான். "எங்கம்மா தேடிப் புடிச்ச எடம் இல்ல அது. நான்தான் கேட்டேன்."

தான் பேசிய அந்த வார்த்தை இந்த மனிதனிடம் எப்படிப் போய்ச் சேர்ந்திருக்கும்... நினைக்கவே கூசியது.

"நா அந்த போட்டோவப் பாக்கவே இல்லங்க. மூஞ்சி தெரியாம, மனசு தெரியாம பேசிட்டேன்."

"வுடுங்க. அதான் முடிஞ்சி போச்சே."

"முடியல." மழையில் அவள் குரல் அவளுக்கே புதிதாகக் கேட்டது. "வெள்ளிக்கெழம போவாதீங்க."

இப்போது திரும்பினான். கண் இமையில் மழைத்துளி நின்றது. துடைக்கக் கையில்லை, இரண்டு கையிலும் டின். "எங்கம்மா உங்க வூட்டுப் படி ஏறமாட்டாங்க. ஒரு தடவ சொன்னா சொன்னதுதான்."

"ஏற வேணாம். நா வரேன். நாளைக்கே எங்கம்மாவக் கூட்டிகினு உங்க வூட்டுப் படி நா ஏறறேன்."

"பொண்ணு வூட்டுலேந்தா? ஊரு சிரிக்கும்ங்க. எங்கம்மாவே உள்ள வுடலன்னா?"

"வாசல்லயே நிப்பேன். நா சொன்ன வார்த்தைய நான்தான் போய்த் திருப்பி வாங்கணும். அவங்க டீ குடுக்கட்டும், குடுக்காம போவட்டும்."

"வாசல்ல நின்னு இன்னா சொல்வீங்க?"

"உங்க புள்ளைய எனக்குப் புடிச்சிருக்கு, எனக்கே குடுங்கன்னு..."

சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்லியிருக்கிறாள் என்பதே உறைத்தது. முகத்தை மூடிக்கொள்ள நினைத்தாள்... கை எழவில்லை.

மூங்கிலுக்கு அப்பால் அத்தா, "மெகரு... எங்கம்மா இருக்க?" என்று கூப்பிட்டார்.

தஸ்தகீர் டின்களை மெல்லக் கீழே வைத்தான். "எங்கம்மா கதவத் தொறக்காம இருந்தா," என்றான், "நானும் உங்க பக்கத்துல வாசல்லயே நிக்கறேன். எவ்ளோ நேரம் ஆனாலும் சரி."